மூன்றாவது ரவுண்டு ஞாபகமில்லை

அந்தப் பையனுக்கு இருபத்துமூன்று வயது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வடசென்னைக்காரன், குத்துச்சண்டையில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவன். கூட வந்தவர் தாய்மாமன், கோச்சும் அவர்தான். அடுத்த போட்டிக்கு உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று வந்திருந்தார்கள். முந்தைய வாரம்தான் ஒரு ஃபைனல் ஜெயித்திருக்கிறான். எப்படி ஜெயித்தாய், சொல்லேன் என்று பேச்சுக் கொடுத்தேன். முதல் ரவுண்டைக் கையை வீசிக் காட்டியே சொன்னான். இரண்டாவதையும் சொன்னான். மூன்றாவதற்கு வந்ததும் மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அது சரியா ஞாபகம் இல்ல டாக்டர். நல்லா ஆடினேன்னு மாமா சொன்னாரு."

"செமையா ஆடினான் டாக்டர்" என்றார் மாமா.

நான் பேனாவை மூடி வைத்தேன்.

அவன் விழவில்லை, ரெஃப்ரி எண்ணவில்லை, நடுவர்கள் அவனுக்குத்தான் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது ரவுண்டின் கடைசியிலோ மூன்றாவதின் தொடக்கத்திலோ வாங்கிய ஒரு குத்தில் மூளை பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. கையும் காலும் பழக்கத்தில் ஆடி முடித்திருக்கின்றன. நரம்பியல் படித்துவிட்டு, ஓய்வு நாட்களில் ரிங் ஓரத்திலும் உட்கார்ந்து பழகியவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை. நாக்அவுட் ஆனவனைப் பத்துப் பேர் தாங்கிப் பிடிக்க ஓடுவார்கள். ஜெயித்தவனின் மூளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒரு சாம்பியன், எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஏன் கிளவுஸைக் கழற்றுகிறான் என்று ரசிகர்கள் வியப்பார்கள். பயந்துவிட்டான், காசு சேர்த்துவிட்டான், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுவிட்டான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜீன் டன்னி.

டன்னி 1926இல் பிலடெல்பியாவில் ஜாக் டெம்ப்சியைத் தோற்கடித்து ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனவர். மறு வருடம் சிகாகோவில் மீண்டும் டெம்ப்சியோடு மோதினார். ஏழாவது ரவுண்டில் விழுந்து, பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டிய அந்த எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியதால் சில நொடிகள் கூடுதலாகக் கிடைத்து, எழுந்து ஜெயித்தார். அந்தத் தாமதத்தைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் முக்கியமான அடி விழுந்தது அதற்கு முன்னால், கேமராவோ கூட்டமோ இல்லாத பயிற்சி முகாமில். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், தலையில் பலமாக அடி வாங்கியவர், நிறுத்தாமல் தொடர்ந்து ஆடியிருக்கிறார். மறுநாள் எழுந்தபோது தான் யார், எங்கே இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. சில நாட்கள் நினைவு கலங்கலாகவே இருந்திருக்கிறது. குத்துச்சண்டையை விட்டுவிட வேண்டும் என்ற ஆசை தனக்குள் முளைத்தது அப்போதுதான் என்று பின்னாளில் எழுதினார். 1928 ஜூலையில் டாம் ஹீனியை ஜெயித்தார், சில நாட்களில் ஓய்வை அறிவித்தார், திரும்பி வரவேயில்லை. எண்பத்தோரு வயது வரை வாழ்ந்தார்.

அதே 1928இன் அக்டோபரில்தான் நியூஜெர்சியைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய பாக்ஸர்கள் சிலர் குடிக்காமலேயே குடிகாரர்களைப் போலத் தள்ளாடுவதும் வாய் குழறுவதும் ரிங் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை மருத்துவ மொழியில் முதலில் எழுதியவர் அவர். டன்னி அந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துச் சட்டென்று திருகிப் பாருங்கள். சொம்பு திரும்பிவிடும், தண்ணீர் பின்தங்கும். மூளையும் மண்டையோட்டுக்குள் கெட்டியாகப் பொருத்தப்பட்டதில்லை; கொழகொழப்பானது, நீரில் மிதப்பது. தாடையில் பக்கவாட்டில் விழும் ஒரு ஹூக் தலையை அப்படித்தான் திருகுகிறது. மூளையின் ஒரு பகுதி முந்த, இன்னொரு பகுதி பிந்த, இடையிலுள்ள மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. அந்த இழைகளுக்குள் முட்டுக்கொடுத்து நிற்கும் டௌ என்ற புரதம் கழன்று, வருடக்கணக்கில் மெல்ல முடிச்சுமுடிச்சாகப் படிகிறது. அடி ஓய்ந்த பிறகும் இது தொடரலாம் என்பதுதான் கொடுமை. முப்பது வயதில் விட்டவருக்கு ஐம்பதில் கை நடுங்கத் தொடங்குவது அதனால்தான்.

"தலைக்கவசம் போட்டுக்கிறோமே டாக்டர்" என்பார்கள். புருவம் கிழியாமல் காக்கும், திருகலைத் தடுக்காது. 2013இல் சர்வதேச அமெச்சூர் ஆண்கள் போட்டிகளில் அதையும் எடுத்துவிட்டார்கள். கிளவுஸ் முதலில் காப்பாற்றுவது குத்துபவனின் விரல் எலும்பைத்தான். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் கை உடையும் என்ற பயம் இருக்கும். கிளவுஸ் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது.

ரசிகர்கள் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. அமெச்சூர் போட்டித் தொடரில் முதல் சுற்றில் தோற்றவன் அன்றே பஸ் ஏறிவிடுகிறான். ஜெயிப்பவன் அடுத்தடுத்த நாட்களில் நான்கைந்து பேரோடு மோதிய பிறகுதான் பதக்கத்தைத் தொடுகிறான். ஊருக்குத் திரும்பியதும் வளரும் பையன்கள் எல்லாரும் அவனோடுதான் ஸ்பாரிங் போட ஆசைப்படுவார்கள். அப்புறம் அந்த 'கெட்டித் தாடை'. எவ்வளவு வாங்கினாலும் அசையாதவன் என்று விசில் அடிக்கிறோம். அசையாமல் நிற்பதால்தான் மேலும் மேலும் வாங்குகிறான். ஆக, மேலே ஏற ஏறக் கடனும் ஏறுகிறது.

முகமது அலியை இந்தக் கோணத்தில் பாருங்கள். 1980இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், எம்.ஜி.ஆர். பார்த்திருக்க, ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிச் சண்டை போட்டார். அதைப் பார்த்த பெரியவர்கள் வடசென்னையில் இன்னமும் கண் விரியப் பேசுவார்கள். அப்போது அலி ஓய்வு அறிவித்திருந்தவர். அதற்கு முன்பே, 1977இல் எர்னி ஷேவர்ஸோடு மோதிய பிறகு, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பசெக்கோ சிறுநீரகச் சோதனை அறிக்கையோடு போதும் என்று எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. பசெக்கோ அணியை விட்டே விலகினார்.

சென்னைக்கு வந்து போன அதே வருடம் அக்டோபரில் அலி லாரி ஹோம்ஸோடு மோதினார். அதற்கு முன் மேயோ கிளினிக்கில் சோதித்திருந்தார்கள். விரலால் மூக்கு நுனியைத் தொடுவதில் சிறு தடுமாற்றம், ஒற்றைக் காலில் தத்துவதில் சிரமம் என்று அறிக்கையில் இருந்தது. என்னிடம் வரும் எந்த நோயாளிக்கும் முதலில் செய்யும் சோதனைகள்தான் இவை. இருந்தும் உரிமம் கிடைத்தது. பத்து ரவுண்டுகள் அடி வாங்கிய பிறகு அவருடைய கோச் ஏஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்தினார். 1984இல் அலிக்குப் பார்கின்சன் நோய்த் தொகுதி என்று கண்டறிந்தார்கள். அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நேரு ஸ்டேடியத்தில் அவர் எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸும் கடைசிக் காலத்தில் நினைவிழப்பு நோயோடுதான் வாழ்ந்தார்.

விடு என்று சொல்வது எளிது, தெரியும். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் வரிக்கடனுக்காகத் திரும்பி வந்து, 1951இல் தன் முப்பத்தேழாவது வயதில் ராக்கி மார்சியானோவிடம் அடி வாங்கி விழுந்தார். மார்சியானோ ஐந்து வருடம் கழித்து, நாற்பத்தொன்பது சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் முப்பத்திரண்டு வயதில் விலகினார். முதுகு வலி, குடும்பம், மேனேஜரோடு கசப்பு என்று காரணங்கள் சொல்வார்கள். லூயிஸ் விழுந்ததை நேரில் பார்த்ததும், பார்த்ததென்ன, தானே வீழ்த்தியதும், அதில் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

நம் ஊர்ப் பையன்களுக்குக் கோடிகள் கிடையாது. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அதுதான் கனவு. ஒரு பதக்கம் கூடினால் ஒரு குடும்பம் கரையேறும். 'ஆரோக்கியம்தான் முக்கியம்' என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் நான் விடு என்று ஆரம்பிப்பதில்லை. ஸ்பாரிங்கைக் குறை என்று ஆரம்பிக்கிறேன். வாழ்நாளில் தலையில் விழும் குத்துகளில் பெரும்பகுதி பயிற்சிக் கூடத்தில்தான் விழுகிறது. அங்கே புள்ளியும் இல்லை, பதக்கமும் இல்லை. பை குத்தலாம், நிழல்சண்டை போடலாம், தலையைத் தொடாமல் உடம்புக்கு மட்டும் ஆடலாம்.

ஸ்கேனை நம்பி நிம்மதி அடையாதீர்கள் என்பதையும் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கும், ஆள் மாறிக்கொண்டிருப்பான். அந்த டௌ முடிச்சுகளை உறுதியாகப் பார்ப்பது இன்றைக்கும் இறந்த பிறகு மூளையை அறுத்துத்தான். உயிரோடு இருக்கும்போது சாட்சி சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. தூக்கம் கெடுவது, எதற்கெடுத்தாலும் சீறுவது, ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பது, முன்பு பட்டென்று ஒதுங்கிய குத்தில் இப்போது மாட்டுவது. இதெல்லாம் பாதிக்கப்பட்டவனுக்குத் தெரியாது. கெட்டுப்போகும் உறுப்பைக் கொண்டுதானே அவன் தன்னை எடைபோட வேண்டியிருக்கிறது! அடி வாங்கிய அன்றோ அடுத்த நாட்களிலோ தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்ப அசந்தாலோ யோசிக்கவே வேண்டாம், அந்த நிமிடமே பெரிய மருத்துவமனை. மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கலாம்.

உலக சாம்பியன் ஆண்ட்ரே வார்ட் 2017 ஜூனில் செர்கே கோவலெவை இரண்டாம் முறை ஜெயித்தார்; முப்பத்திரண்டு சண்டை, தோல்வியே இல்லை. மூன்று மாதத்தில் விலகினார். இந்த விளையாட்டின் கடுமையை உடம்பு தாங்கவில்லை, ஆடும் ஆசையும் போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆசை போவதை நான் சோம்பலாகப் பார்க்க மாட்டேன். உடம்பு முதலில் அனுப்பும் தகவலாக அது இருக்கலாம். ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் 2003இல் விட்டாலி கிளிட்ச்கோவை ஜெயித்தார் என்றாலும், கிளிட்ச்கோவின் முகக் காயத்தால் சண்டை நின்றபோது புள்ளியில் பின்தங்கியிருந்தவர் அவர்தான். மறுசண்டைக்கு உலகமே காத்திருந்தது. அடுத்த பிப்ரவரியில் பட்டத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்கோர் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த மனிதர்.

சரி, நம் பையனுக்கு வருவோம். சான்றிதழ் தரவில்லை. ஒரு மாதம் தலையில் அடியே படக்கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது; வெளியே போகும்போது வேறு டாக்டரைப் பார்ப்போம் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. போகும் முன் பையனை மட்டும் கூப்பிட்டு, வீட்டில் யாரிடமாவது ஒரு நோட்டைக் கொடுத்துத் தினமும் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல் என்றேன்.

ஆறு வாரம் கழித்துத் தனியாக வந்தான். அக்கா எழுதியிருக்கிறாள்.

"நேஷனல்ஸ் மட்டும் ஆடிட்டு விட்டுடட்டுமா டாக்டர்?"

நோட்டைப் புரட்டினேன். ஒரு மாதம் பெரிதாக எதுவும் இல்லை. அப்புறம் மூன்று தேதிகளில் 'ஸ்பாரிங் போனான்' என்று இருந்தது. மூன்றுக்கும் மறுநாள் 'தலைவலின்னு படுத்துட்டான். அம்மாகிட்ட கத்தினான்' என்று இருந்தது. அவனிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.