கொரோனா இறப்புக்கு ₹50,000: நோயின் பெயர் இல்லாத சான்றிதழால் வந்த சிக்கல்

பெருந்தொற்றில் அரசு என்ன செய்தது என்பதைப் பொதுக்கொள்கை ஆய்வாளர்கள் அறிவிப்பை வைத்து எடைபோட மாட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நிதியிலிருந்து, எந்தத் தாளைக் காட்டினால் பணம் கிடைக்கும் என்று கேட்பார்கள். கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட ₹50,000-ஐ அப்படிப் பார்த்தால், அது எங்கே தடைபட்டது என்று தெரிந்துவிடும்.

சட்டம், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005. உயிரிழப்புக்கு நிவாரணம் தருவது பற்றி அதன் 12-ஆம் பிரிவு பேசுகிறது. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவைப் பேரிடராகக் கருதி ஒன்றிய உள்துறை அனுப்பிய கடிதத்தில் ₹4 லட்சம் இருந்தது. அன்றே வந்த திருத்தத்தில் அந்த வரி இல்லை. 2021 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம், தொகையை அரசே முடிவு செய்யட்டும், தராமல் விட முடியாது என்றது. செப்டம்பரில் ₹50,000 என்று முடிவானது. பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து.

சிக்கலெல்லாம் தாளில்தான். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இறந்தால், பதிவு ஊரில் நடக்காது, இறந்த இடத்தில்தான் நடக்கும். அங்கே கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் பெயர், தேதி, இடம் இருக்கும். என்ன நோய் என்று இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே காரணத்தை அதில் காட்டக் கூடாது என்கிறது. காரணம் இருப்பது டாக்டர் எழுதும் படிவம் 4-ல்; வீட்டில் இறந்தால் 4ஏ. அது பதிவாளரிடம் போய்விடும், குடும்பத்தின் கையில் பெரும்பாலும் தங்காது. கிடைத்தாலும் 'நிமோனியா', 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் மனு நின்றுவிடும்.

இந்த இடத்தில் ஆய்வு நேரடியாக உதவியது. பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களில் இறந்தோரில் 95 சதவீதம் பேர் 25 நாளுக்குள் இறந்ததை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அதை வைத்து, தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் எங்கே இறந்தாலும், வீட்டிலேயே இறந்தாலும், கொரோனா இறப்பு என்று 2021 செப்டம்பரில் வழிமுறை வந்தது. ஆஸ்பத்திரியில் தொடர்ந்து படுத்திருந்தவருக்கு 30 நாள் கணக்கும் இல்லை. சான்றிதழில் திருப்தி இல்லையென்றால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். கூடுதல் ஆட்சியர், தலைமை மருத்துவ அதிகாரி, மருத்துவக் கல்லூரி முதல்வர் அல்லது பொது மருத்துவத் துறைத் தலைவர், ஒரு வல்லுநர் அதில் இருப்பார்கள். அவர்கள் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவுச் சீட்டு, சி.டி. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு இவைதான் அங்கே பேசும். சீட்டைத் தொலைத்தவர்களே அதிகம் அலைந்தார்கள்.

குஜராத்தில் அரசு சொன்ன இறப்பு 10,000 அளவில்தான்; உதவி பெற்றவர்கள் அதைப்போலப் பல மடங்கு. விதி தளர்ந்ததும் கணக்கில் வராத இறப்புகள் கணக்குக்கு வந்தன என்பதே இதற்குப் பொருள் என்று கருதுகிறோம்.

மனுச் செய்யும் கெடுவை 2022 மார்ச் 24-ல் நீதிமன்றம் வகுத்தது: அதே மாதம் 20-ஆம் தேதிக்கு முந்தைய இறப்புகளுக்கு உத்தரவு வந்த நாளிலிருந்து 60 நாள், பிந்தையவற்றுக்கு இறந்த நாளிலிருந்து 90 நாள். தவறியவர்கள் தக்க காரணத்தோடு குறைதீர்க்கும் குழுவை அணுக வழி வைத்தது.

இன்றைக்கும் உதவும் உரிமை ஒன்று உண்டு. 2023-ல் திருத்திய பதிவுச் சட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இறப்புக் காரணச் சான்றைப் பதிவாளருக்குக் கட்டணமில்லாமல் அனுப்ப வேண்டும், நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும். உடலை வாங்கும்போதே அந்த நகலைக் கேளுங்கள். தராவிட்டால் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள்.