ஏப்ரலில் ஒழுகும் குழாய் எப்போது வெடித்தது?

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “குளிர்காலம் முழுக்க வீட்டில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. ஏப்ரலில் செடிகளுக்குத் தண்ணீர் விடலாமென்று வெளிக் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் பேஸ்மென்ட் சுவர் நனைந்துவிட்டது. பனி உருகும்போது குழாய் வெடிக்குமா?” நனைந்தது ஈசானிய மூலை என்பதால் நல்ல சகுனம்தான் என்று உறவினர் ஒருவர் ஆறுதல் சொன்னாராம். ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் செல்வம் சேரும் என்பார்கள். பேஸ்மென்ட் சுவருக்குள் இருந்தால் அது பிளம்பரிடம் சேரும்.

உருகும்போது வெடிக்காது. உங்கள் குழாய் பெரும்பாலும் ஜனவரியிலேயே வெடித்திருக்கும். இத்தனை நாள் சும்மா இருந்ததற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

தண்ணீர் உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும் என்பது பள்ளிப் பாடம். அதனால் பனிக்கட்டி உள்ளிருந்து முட்டிக் குழாயைக் கிழிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயில் ஏதோ ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர இரு பக்கமும் உள்ள தண்ணீரைத் தள்ளுகிறது. தெருப் பக்கம் தள்ளப்படும் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும். மூடிய டேப்புக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குத்தான் போக்கிடமில்லை. வீட்டுக் குழாயில் வழக்கமாக இருப்பது 40 முதல் 80 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தம். மைனஸ் 5 டிகிரியில் வளரும் பனிக்கட்டியோ, அடைபட்ட தண்ணீரை 8,000 பிஎஸ்ஐக்கும் மேல் அழுத்தக்கூடியது. அந்த அளவைத் தொட்டால்தான் மேற்கொண்டு உறைவதே நிற்கும். சாதாரண செம்புக் குழாய் அதற்கு முன்பே கிழிந்துவிடும், அதுவும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் என்றில்லை, எங்கே பலவீனமோ அங்கே.

கடுங்குளிரில் டேப்பைச் சொட்டவிடச் சொல்வதும் இதனால்தான். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது பாதிக் காரணம். அழுத்தம் வெளியேற ஒரு வழி கிடைக்கிறது என்பதே முக்கியம். இதையெல்லாம் 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் குழாய்களை உறையவிட்டே சோதித்தார்கள். பணம் கொடுத்தது காப்பீட்டுத் துறை. ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் பிரச்சினையை ஆராய யாருடைய கல்லாவாவது கரைய வேண்டியிருக்கிறது! இது அரசுப் பணத்தில் நடந்திருக்க வேண்டிய ஆய்வு என்பது என் கட்சி.

சரி, வெளிக் குழாய்க்கு வருவோம். குளிர் நாட்டு வீடுகளில் இப்போது பெரும்பாலும் உறையாத வகைக் குழாயைத்தான் பொருத்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சாதனம் இது. திருகும் பிடி வீட்டுக்கு வெளியே இருக்கும். ஆனால் தண்ணீரை நிறுத்தும் வாஷர் அங்கே இருக்காது. ஒரு நீளமான தண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு ஓர் அடி வரை உள்ளே போகும், அதன் நுனியில், பேஸ்மென்ட்டின் கதகதப்பில்தான் வாஷர். மூடியதும் தண்டைச் சுற்றியுள்ள குழலில் மிச்சமிருக்கும் தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும், அதற்காகவே குழலை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பொருத்துகிறார்கள். குளிர் படும் இடத்தில் தண்ணீரே இல்லை, பிறகு எது உறையும்?

ஹோஸைக் கழற்றாமல் விட்டால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். குழலில் உள்ளது வடியாமல் அங்கேயே நிற்கும். குளிர் வெளியிலிருந்து வருவதால் வாய்ப்பக்கம் முதலில் உறையும், பிறகு பனிக்கட்டி உள்நோக்கி வளரும். முன்னால் பனிக்கட்டி, பின்னால் மூடிய வாஷர், நடுவில் கொஞ்சம் தண்ணீர். மேலே சொன்ன கதைதான். குழல் கிழிவது அநேகமாகச் சுவருக்கு உள்ளே. உருளையின் சுவரில் சுற்றுவாக்கில் விழும் இழுவிசை, நீளவாக்கில் விழுவதைப் போல் இரு மடங்கு. அதனால் கிழிசலும் குழலின் நீளத்தை ஒட்டியே ஓடும். கழற்றி எடுத்துப் பார்த்தால், மீன் வாயைத் திறந்தது போல விளிம்புகள் வெளியே பிதுங்கியிருக்கும்.

ஆனால் கிழிசல் வாஷரைத் தாண்டி இருப்பதால், டேப் மூடியிருக்கும்வரை அங்கே தண்ணீர் வராது. பனிக்கட்டி உருகினாலும் ஒரு கை அளவுகூடத் தேறாது. நீங்கள் திறந்தால்தான் நகரத்துத் தண்ணீர் முழுதும் அந்தக் கிழிசல் வழியாகச் சுவருக்குள் பாயும்.

ஆகவே வசந்தத்தில் முதல் முறை திறக்கும்போது ஹோஸை மாட்டாதீர்கள். ஒருவர் பேஸ்மென்ட்டில் டார்ச்சோடு நிற்கட்டும். டேப்பை முழுதாகத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். அரை அங்குல வாயில் 60 பிஎஸ்ஐ என்றால் விரல்மேல் சுமார் 5 கிலோ எடை அமுக்குவது போல. விரலைத் தள்ளிக்கொண்டு பீறிட வேண்டும். சுலபமாக அடைக்க முடிந்தால் தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே அந்தக் குழாய்க்கென்று இருக்கும் வால்வை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். அக்டோபரில் ஹோஸைக் கழற்றியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

வெயில் வந்துவிட்டதே என்று நிலத்தடிக் குழாயையும் நம்ப வேண்டாம். மண்ணில் குளிர் மெதுவாகத்தான் இறங்கும், காற்று சூடான பிறகும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். 2014இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பனி உருகத் தொடங்கிய பிறகும் வீடுகளுக்கு வரும் குழாய்கள் உறைந்தன. டேப்பை மெல்லிய ஓட்டத்தில் திறந்தே வைக்கும்படி நகராட்சி பலரிடம் கேட்டுக்கொண்டது.

அப்புறம் சம்ப் பம்ப், அதாவது பேஸ்மென்ட் தரையில் உள்ள குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப். மேல்பனி உருகும்போது அடிமண் இன்னும் உறைந்தே கிடந்தால் தண்ணீர் நிலத்தில் இறங்காது, வீட்டுச் சுவரை ஒட்டித் தேங்கிக் கடைசியில் பம்ப் குழிக்கு வரும். முதல் இளவெயிலுக்கு முன்பே குழிக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மிதவை எழும்பி மோட்டார் ஓடினால் மட்டும் போதாது, வெளியே போய்க் குழாய் முனையில் தண்ணீர் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்த முனை பனிக்கட்டியில் புதைந்திருந்தால் மோட்டார் என்னதான் ஓடினாலும் குழி வற்றாது.