சீட்டில் பிளஸ் இருந்தால் அலர்ஜியா?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பீடி சுற்றுகிறவர், ஆறு வயது மகனோடு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுவந்தார். அதில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை எல்லாவற்றுக்கும் நேரே பிளஸ். "ஒரு வருசமா எதுவுமே குடுக்கலை சார், மூக்கடைப்பு மட்டும் போகவே மாட்டேங்கு" என்றார். பையன் நன்றாக மெலிந்திருந்தான். முன்னால் முட்டை தின்றபோது உடம்புக்கு ஏதாவது செய்ததா என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யலையே, தினமும் திங்கிற பிள்ளைதான்."

அந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்தப் பிளஸ் காட்டுவது ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை. அது இருந்தால், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், தின்றால் தடிப்போ வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால்தான் அது நோய். இது எந்த டாக்டருக்கும் தெரியாததில்லை, நானும் பரீட்சையில் எழுதியவன்தான். ஆனால் சீட்டைப் பார்த்ததும் பத்தியம் எழுதிவிடும் கை நிற்பதற்கு, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் முதலில் செய்த தோல் குத்துப் பரிசோதனை இன்னும் நினைவிருக்கிறது. சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் துளித்துளியாக வைத்துக் குத்தி, தடிப்பு எழும்புகிறதா என்று பார்ப்பது அது. ஹிஸ்டமின் யாருக்கும் தடிப்பை எழுப்பும் என்பதால், சரிபார்க்க அதையும் ஒரு இடத்தில் வைப்போம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு இடத்திலும் தடிப்பில்லை. அலர்ஜி இல்லை என்று எழுதப் போனேன். "ஹிஸ்டமின் வச்ச இடமே எழும்பலையே, ராத்திரி என்ன மாத்திரை போட்டாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் என் ஆசிரியர். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டிருந்தார்கள், அது தடிப்பை எழும்ப விடாது. அதை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் குத்த வேண்டும். அவர் அன்று அங்கே இல்லாதிருந்தால் ஒரு தவறான முடிவோடு அந்த நோயாளியை அனுப்பியிருப்பேன்.

நம் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் அலர்ஜிக்கென்று தனித் துறை கிடையாது. தும்மல் காது மூக்கு தொண்டைக்கு, இரைப்பு நெஞ்சு நோய்க்கு, தடிப்பு தோலுக்கு என்று நோயாளி பிரிந்து போகிறார், படிக்கிற பிள்ளைகளும் முழுதாக ஒருவரைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் வகுப்பும் சான்றிதழும் இதை ஈடுகட்டாது.

கடந்தைக் குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, பிரஷர் இறங்கி ஒருவர் வந்தால் முதலில் கொடுக்க வேண்டியது அட்ரினலின்தான். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். அவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அப்புறம். இருந்தும் இளம் டாக்டர்களின் கை அவிலுக்குத்தான் போகிறது, அட்ரினலினால் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். முதல் ஊசியின்போது "போடுங்க, நான் இருக்கேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

சரி, பையனுக்கு வருகிறேன். ஒரு வருடம் நிறுத்திய உணவை வீட்டில் திடீரென்று கொடுப்பது சில பிள்ளைகளுக்கு ஆபத்தாகிவிடும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே, அவன் எடைக்குரிய அட்ரினலின் அளவைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு, அவித்த முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுத்தோம். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண் டாக்டர்தான் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது துண்டில் பையன் கழுத்தைச் சொறிந்தான், அவர் பதறி நிறுத்தப் போனார். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். காலர் உரசிய சிவப்பு, தடிப்பு எங்கும் இல்லை, நெஞ்சில் இரைச்சலும் இல்லை. இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்த துண்டை அவரே கொடுத்தார்.