பெட்டியில் அச்சிடாத எண்

காட்டுயிர்ப் படமெடுக்கும் பயிற்சிக்கு வந்த ஒருவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். மீன்கொத்தி நீரைக் கிழித்துக்கொண்டு மேலெழுகிறது. கண் கூர்மை, தெறிக்கும் துளிகள் கூர்மை. ஆனால் சிறகு மட்டும் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் அளவுகோலைப் போல வளைந்திருந்தது. ஷட்டர் வேகம் 1/3200. “லென்ஸில் கோளாறா சார்?” என்று கேட்டார். லென்ஸ் பாவம், அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நொடிக்கு 30 படங்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்து அவர் வாங்கிய கேமரா பாடிதான் காரணம்.

அந்த வேகம் மின்னணு ஷட்டரில்தான் கிடைக்கும். பெரும்பாலான கேமராக்களில் மின்னணு ஷட்டர் சென்சார் முழுவதையும், அதாவது ஒளியைப் பதியும் சில்லு முழுவதையும், ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படிக்கப்படுகிறது. ஷட்டர் வேகம் 1/3200 நொடி என்றால் ஒவ்வொரு வரியும் அவ்வளவு நேரம்தான் ஒளி வாங்குகிறது. அதனால் படம் கூர்மையாக வருகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே கழியும் நேரம் வேறு கணக்கு. அது 1/30 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 15 முறை சிறகடிக்கும் பறவை அதற்குள் சிறகை உச்சியிலிருந்து அடிவரை இறக்கிவிடும். பறவை படச்சட்டத்தை நிறைத்திருந்தால், படத்தின் மேல்பாதி ஒரு கணத்தையும் கீழ்ப்பாதி வேறொரு கணத்தையும் காட்டும். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த வளைவு போகாது. இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர்.

நல்ல மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்க ஏறத்தாழ 1/250 நொடி ஆகிறது. மின்னணு வாசிப்பும் அதற்கு நெருக்கமாக இருந்தால் கவலையில்லை. வேகமாகப் படிக்கும் சுற்றுகளைச் சென்சாருக்கு அடியிலேயே அடுக்கிய ‘அடுக்கு சென்சார்’ வந்த பிறகுதான் அது கைகூடியது: 2017-இல் சோனி ஏ9 வந்தது, 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. அங்கே வளைவு என்ற பேச்சே இல்லை. பதிலுக்கு அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) 250-இல்தான் தொடங்குகிறது. இந்த வாசிப்பு வேகத்தைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். பெட்டியில் பெரும்பாலும் அதைத்தான் அச்சிட மாட்டார்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். மேயும் மானும் உறங்கும் சிறுத்தையும் உங்கள் விருப்பமென்றால், 2016-இல் வந்த நிக்கான் டி500 இன்றும் நன்றாகவே உழைக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் பாடிகளில் விலங்கின் கண்ணைத் தானே பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் அடர்ந்த கிளைகளுக்குள் இருக்கும் பறவையை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் இலையை அது பிடித்துக்கொள்ளும் நேரமும் உண்டு. ஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு உடனே மாற்ற ஒரு பொத்தானை ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பஃபர், அதாவது படங்கள் கார்டுக்குப் போகுமுன் காத்திருக்கும் தற்காலிக நினைவகம். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் மறைவிடத்தில் காத்திருந்து, கழுகு மரத்திலிருந்து கிளம்பியதும் பொத்தானை அழுத்தினேன். அது நீரைத் தொடுவதற்குள் கேமரா நின்றுவிட்டது. பஃபர் நிறைந்துவிட்டது. கழுகு மீனோடு போனது, நான் மினுங்கும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு எளிது: 45 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) ஒன்று சுமார் 50 மெகாபைட் என்றால், நொடிக்கு 20 படங்களுக்கு ஒரு ஜிகாபைட். யுஎச்எஸ்-II வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பே நொடிக்கு 312 மெகாபைட்தான். வேகமான பாடியில் எஸ்டி கார்டு செருக மட்டும் இடம் கொடுத்திருந்தால், அந்த வேகம் சில நொடி வாணவேடிக்கை.

பெரிய சென்சாரான முழுச்சட்டமா, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சியா என்ற பட்டிமன்றத்துக்கு முடிவே இல்லை. சிறிய சென்சார் லென்ஸை நீட்டுவதில்லை. ஒரே இடத்திலிருந்து, ஒரே 500 மி.மீ. லென்ஸில், பறவையின் பிம்பம் எந்த சென்சாரிலும் ஒரே அளவில்தான் விழுகிறது. அதில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதே கேள்வி. முழுச்சட்டமான 45.7 மெகாபிக்சல் நிக்கான் டி850-இன் படத்தை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் 19.4 மெகாபிக்சல் மிஞ்சும். ஏபிஎஸ்-சி கேமராவான டி500 தருவது 20.9. வித்தியாசம் சொற்பம். தொலைவில் சின்னப் பறவையாக இருந்து எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், முழுச்சட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை லென்ஸில் போடுங்கள். யானை சட்டத்தை நிறைக்கும் அந்தி வேளையில்தான் பெரிய சென்சார் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, லாபம் தரும். நண்பகலில் தரையிலிருந்து அனல் அலை எழும்போது எத்தனை மெகாபிக்சலும் கானல்நீரைத்தான் படமெடுக்கும்.

வாங்குமுன் இரண்டு நாள் இரவலோ வாடகையோ எடுத்துப் பாருங்கள். மின்னணு ஷட்டரில், வேகத்தை 1/3200-இல் வைத்து, சுழலும் மின்விசிறியைப் படமெடுங்கள். இறக்கைகள் அரிவாளாக வளைந்தால் பறவைக்கும் அதே கதிதான். உங்கள் கார்டைப் போட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்து, வேகம் எத்தனையாவது நொடியில் தளர்கிறது என்று எண்ணுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐஎஸ்ஓவை மாற்ற வருகிறதா என்றும் பாருங்கள். விடியற்காலை இருட்டில் அப்படித்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த மாணவரைப் புதிய பாடி வாங்கச் சொல்லவில்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டேன். நொடிக்கு 30 என்பது 15 ஆனது. அதே குளம், மறுநாள் காலை. சிறகு நேராக வந்தது. அன்றைக்கு மீன்தான் சிக்கவில்லை, மீன்கொத்திக்கு.