ஆராய்ச்சி மானியம் யார் கைக்கு வருகிறது? பல்கலைக்கழகத்தில் நிதியும் கூட்டாய்வும் நடக்கும் விதம்

ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசின் ஒப்புதல் வந்துவிட்டால் போதும், "சாருக்கு 40 லட்சம் கிடைத்திருக்கிறதாம்" என்று துறை முழுக்கப் பேச்சு ஓடும். உண்மையில் சாருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. ஆணையில் அவர் பெயர் இருக்கும். பணம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குத்தான் வரும். நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்துப் போடுவதும் பதிவாளரோ நிறுவனத் தலைவரோதான். முதன்மை ஆய்வாளர், அதாவது எல்லோரும் பி.ஐ. என்று அழைப்பவர், ஆய்வுக்குப் பொறுப்பு. காசுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு நிறுவனத்துடையது. இது பிடிபட்டால் மற்ற விதிகளில் பாதி தானாகப் புரியும்.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் இருக்கும். உயர்கல்வி நிறுவனங்கள் தனியாக ஓர் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவை அமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நிதி அறிவிப்புகளைத் துறைகளுக்குத் தெரிவிப்பது, விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வாங்கித் தருவது, ஒப்பந்தங்களைப் பார்ப்பது, காப்புரிமை வேலை எல்லாம் இந்தப் பிரிவின் தலையில்தான். சில இடங்களில் இது நன்றாக இயங்குகிறது. சில இடங்களில் ஒரு பெயர்ப்பலகையும் பூட்டிய அறையும்தான். எப்படியிருந்தாலும் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் கடிதத்துக்கு ஓடாதீர்கள். பதிவாளர் ஊரில் இல்லை என்ற காரணத்தால் நின்றுபோன விண்ணப்பங்கள் உண்டு.

யாரிடம் கேட்பது? அறிவியல், பொறியியல் துறைகளில் இப்போது பெரிய வாசல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கு முன் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கிய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) இதற்குள் இணைந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் அதில் சுமார் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாரா வழிகளில் வரவேண்டியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு இங்கே பயன்படுவது பிரதமரின் இளம் ஆய்வாளர் மானியம்: 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை. மருத்துவத்துக்கு ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத்துக்கு டி.பி.டி., சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்று தனித்தனி வாசல்களும் இருக்கின்றன.

சரி, பணம் ஒப்புதலாகிவிட்டது. அது ஒரே மூட்டையாக வராது. ஹெட், அதாவது செலவுத் தலைப்பு, வாரியாகப் பிரிந்து வரும். கருவிகள் ஒரு ஹெட், சம்பளம் ஒன்று, ரசாயனம் போன்ற நுகர்பொருட்கள் ஒன்று, பயணம், சில்லறைச் செலவு, கடைசியில் ஓவர்ஹெட். ஒரு ஹெட்டில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற நிதி தந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எவ்வளவு வரை தாராளம் என்பது ஆணையிலேயே எழுதியிருக்கும். "பயணத்தில் மிச்சம் இருந்தது, கருவிக்குப் போட்டேன்" என்று தணிக்கையாளரிடம் சொன்னால் எடுபடாது.

ஓவர்ஹெட் பற்றித்தான் அதிகச் சண்டை. மின்சாரம், இணையம், இடம், கணக்கு எழுதும் ஊழியர் என்று பல்கலைக்கழகம் தரும் வசதிகளுக்கான தொகை அது. திட்டச் செலவோடு சேர்த்துத் தனியாக ஒதுக்கப்படுவது. உங்கள் ரசாயனக் காசிலிருந்து எடுப்பது அல்ல. இந்தத் தொகையில் ஒரு பங்கைத் துறைக்கோ பி.ஐ.-க்கோ திருப்பித் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒரு பைசா தராத இடங்களும் உண்டு. உங்கள் இடத்தின் விதி என்ன என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆய்வகத்தின் ஏ.சி. பழுதானால் எந்தப் பணத்தில் சரிசெய்வது என்ற கேள்வி வரும் நாளில் அந்தக் காகிதம் கைகொடுக்கும்.

சம்பள ஹெட்டில் வருபவர்கள் ஆய்வு மாணவர்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உத்தரவுப்படி 2023 ஜனவரி 1 முதல் ஜெ.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த தவணை தாமதமானால் முதலில் நிற்பது இவர்கள் சம்பளம்தான். தவணை ஏன் தாமதமாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் யு.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், என்ற ஒரே ஒரு தாளாக இருக்கும்.

அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் உள்ள 12-ஏ படிவம். ஒரு திட்டத்துக்கு முதல் ஆண்டில் 15 லட்சம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதம் ஒரு ஜெ.ஆர்.எஃப். சேர்ந்தார், மார்ச் வரை எட்டு மாதத்துக்கு, வாடகைப் படியை விட்டுவிட்டால், 2,96,000 ரூபாய். ரசாயனம் ஒன்றரை லட்சம். 9 லட்சம் ரூபாய்க் கருவிக்கு பிப்ரவரியில் ஆர்டர் போட்டாகிவிட்டது, ஆனால் பெட்டி வந்து இறங்கியது ஏப்ரலில். படிவத்தில் செலவு 4,46,000 என்றுதான் வரும், மிச்சம் 10,54,000. இப்படியே அனுப்பினால், கையில் இவ்வளவு வைத்துக்கொண்டு அடுத்த தவணை எதற்கு என்று மேலே கேட்பார்கள். ஆகவே அந்த 9 லட்சத்துக்கு ஆர்டர் போட்டு உறுதியாகிவிட்டது என்பதைச் செலவு அறிக்கையில் தனி வரியாகக் காட்ட வேண்டும். வங்கியில் வட்டி சேர்ந்திருந்தால் அது பல்கலைக்கழகத்துக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டி ரசீதை இணைப்பார்கள். பி.ஐ., நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் என்று கையெழுத்துகள் முடிய மேசை மேசையாகப் போகும். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் சான்றிதழ் தரலாம் என்கிறது விதி. ஆனால் பன்னிரண்டாம் மாதம் வரை காத்திருப்பவரின் மாணவருக்குச் சம்பளம் வராது.

இப்போது பல மத்தியத் திட்டங்களில் பணம் முன்கூட்டியே வங்கிக்கு வருவதே இல்லை. ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கில் செலவு வரம்பை மட்டும் ஒதுக்குவார்கள். பில் வரும்போது அங்கிருந்து போகும். அரசுக்கு நல்லது, சும்மா கிடக்கும் பணம் குறைகிறது. ஆய்வகத்துக்குச் சிக்கல், ஏனென்றால் செலவிடாத வரம்பு மார்ச் 31-ம் தேதியோடு காலாவதி. பிப்ரவரி, மார்ச்சில் எல்லோரும் கொள்முதல் கோப்போடு அலைவது இதனால்தான்.

கொள்முதலில் அடிப்படை விதி, அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைப்பதை அங்கேதான் வாங்க வேண்டும் என்பது. குறிப்பிட்ட தூய்மையுள்ள ரசாயனத்தைக் கேட்டால் வேறு எதுவோ வருகிறது என்று விஞ்ஞானிகள் பல வருடம் புலம்பினார்கள். 2025 ஜூன் மாதம் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் கருவிகளுக்கும் நுகர்பொருட்களுக்கும் விதியைத் தளர்த்தியது. துணைவேந்தரோ இயக்குநரோ அனுமதித்தால் ஜெம்முக்கு வெளியே வாங்கலாம். விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநிலக் கொள்முதல் விதி என்ன சொல்கிறது என்பதையும் நிதி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கூட்டாய்வு. உள்நாட்டில் ஏ.என்.ஆர்.எஃப்.-இன் 'பேர்' (PAIR) திட்டம் கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சியில் முன்னணியில் உள்ள ஒரு நிறுவனம் மையமாக இருக்க, அதிகபட்சம் ஏழு பல்கலைக்கழகங்கள் அதனோடு சேர்ந்து விண்ணப்பிக்கும். நிதியின் பெரும்பங்கு மையத்துக்கு அல்லாமல் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு என்பது நல்ல ஏற்பாடு. ஐ.ஐ.டி.களிடமே எல்லாம் போய்ச் சேருகிறது என்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் நெடுநாள் குறைக்கு இது ஒரு பதில். வெளிநாட்டுப் பேராசிரியரோடு சேர்ந்து செய்ய, கல்வி அமைச்சகம் 2018-ல் தொடங்கிய 'ஸ்பார்க்' இருக்கிறது, ஐ.ஐ.டி. காரக்பூர் அதை ஒருங்கிணைக்கிறது.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அதற்குப் பின்னால் யார் எவ்வளவு தருகிறார்கள், தரவு யாரிடம் இருக்கும், காப்புரிமை எப்படிப் பிரியும் என்று எழுதாத ஒப்பந்தம் சுவரில் மாட்டத்தான் உதவும். வெளிநாட்டு நிதி என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வரும். சட்டத்தால் அமைந்து, மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கட்டாயமாகத் தணிக்கை செய்யும் அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. தனியார் நிறுவனங்கள் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். மருத்துவ ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு ஒப்புதல் தனி, ஐ.சி.எம்.ஆர். வழியாகப் போகும். நம்மூர்ச் செடியையோ நுண்ணுயிரையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் முன், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் பார்சல் கட்டாதீர்கள்.

தொழில் நிறுவனங்களின் பணத்துக்கு இப்போது வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குத் தருவதை சி.எஸ்.ஆர். எனும் நிறுவனச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் காட்ட 2019 முதல் அனுமதி உண்டு. ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டச் சொல்லி சில உயர்கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது பெரிய சர்ச்சையானது. 2024 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், அரசு அமைப்புகளும் வருமான வரிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களும் மானியத்தில் செய்யும் ஆராய்ச்சிக்கு விலக்கு தரப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் பல்கலைக்கழகம் அப்படி அறிவிக்கப்பட்டதா என்பதை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் ஆலோசனைப் பணி வேறு கணக்கு. மானியம் என்று பெயர் வைத்தால் அது மானியமாகிவிடாது.

நடுவில் பி.ஐ. வேறு பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறினால்? இரண்டு நிறுவனங்களும் எழுத்தில் சம்மதித்து, நிதி தந்தவர்களும் ஒப்புக்கொண்டால் திட்டத்தை எடுத்துப் போகலாம். அதுவரையிலான கணக்கை முடித்து யு.சி. கொடுத்தாக வேண்டும். வாங்கிய கருவியும் கூடவே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய பல்கலைக்கழகத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஆணையின் நிபந்தனை அனுமதித்து, நிதி தந்தவர்களும் சொன்னால்தான் இடம் மாறும். இல்லையென்றால், புதிய இடத்தில் முதல் விண்ணப்பத்தின் கருவி ஹெட்டிலேயே அதை மறுபடி கேட்க வேண்டியதுதான்.