கீமோதெரபி – வேதிச்சிகிச்சை

புற்றுநோய்ப் பிரிவுகளில் ‘கீமோ ஏற்றுகிறார்கள்’, ‘மூன்றாவது கீமோ முடிந்தது’ என்று புழங்கும் சொல்லின் முழு வடிவம் கீமோதெரபி. விரைந்து பிளவுறும் உயிரணுக்களை மருந்தால் அழித்தோ, அவற்றின் பெருக்கத்தைத் தடுத்தோ புற்றுநோயை ஒடுக்கும் சிகிச்சையை இன்று இது குறிக்கிறது. மயிர்க்கால், வாயின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் விரைந்து பிளவுறுபவை என்பதால்தான் முடி உதிர்வதும், வாய்ப்புண் வருவதும், வெள்ளணுக்கள் குறைவதும் நேர்கின்றன. அந்த நல்ல அணுக்கள் மீள்வதற்காகவே பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒரு சுற்றாக மருந்து தரப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லை வழக்கில் கொண்டுவந்த ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்கின் முதன்மை இலக்கு புற்றுநோயன்று, கிருமிகள். 1909இல் அவருடைய ஆய்வகத்தில் சகாசிரோ ஹாட்டா சோதித்த 606ஆம் எண் ஆர்செனிக் சேர்மம், சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்குரிய சால்வர்சான் மருந்தாக 1910இல் வெளிவந்தது. கிருமிகளை மருந்தால் ஒடுக்குவது என்ற அந்தப் பழைய பொருளில்தான், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையத்தின் பெயரிலும் கீமோதெரபி என்ற சொல் இடம்பெற்றது. அங்கு ஆராயப்பட்டவை காசநோய் மருந்துகளே.

சொல் புற்றுநோயின் பக்கம் சாய்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது. கடுகு வாயுவின் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் அறிஞர்கள் குட்மனும் கில்மனும் 1942இல் நிணநீர்ப் புற்று நோயாளிக்குச் செலுத்தச் செய்தனர். கட்டி சுருங்கியது, ஆனால் போர்க்கால இரகசியத்தால் அம்முடிவு 1946இல்தான் அச்சேறியது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் தந்து இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் சிலருக்குத் தற்காலிகத் தணிவைக் கண்டார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி மருந்து நிறுவன ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டினும் 1960களில் சேர்ந்தது. மருந்துகளைக் கூட்டாகத் தரும் முறை வந்தபின், குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றில் 5 ஆண்டு உயிர்வாழ்வு, 1960களின் தொடக்கத்தில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது, வளர்ந்த நாடுகளில் இன்று ஏறத்தாழ 90 விழுக்காடாகியுள்ளது. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது; பரவிவிட்ட கணையப் புற்றில் இதன் பயன் பெரும்பாலும் மாதக்கணக்கில் மட்டுமே.

தமிழில் ‘இரசாயன சிகிச்சை’, ‘வேதிச்சிகிச்சை’, ‘வேதிமருத்துவம்’ ஆகியவை வழங்குகின்றன. ஆயுர்வேதத்தில் இரசாயனம் என்பது உடலைப் புத்துயிர்ப்பிக்கும் மருந்துமுறையின் பெயராக இருப்பதால், அணுக்களை அழிக்கும் மருந்துக்கு அதே பெயரைச் சூட்டுவது குழப்பம் தரும். உலோகத்தை மாற்றும் இரசவாதத்தைக் குறிக்கும் ‘வேதை’யோடு உறவுடைய ‘வேதி’யோ, இரசவாத மரபிலிருந்து கிளைத்த ‘கீமோ’வுக்கு வேரளவிலேயே நெருக்கமானது. ஆகவே எழுத்தில் வேதிச்சிகிச்சை என்பதே தகும். நோயாளியிடம் பேசும்போது கீமோ என்றே சொல்லலாம், அவருக்குப் பழகிய சொல் அதுதான்.

டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மருந்தும், புற்றணுவின் குறிப்பிட்ட மூலக்கூற்றை மட்டும் குறிவைக்கும் இமாட்டினிப் போன்ற இலக்கு மருந்தும் வேதிப்பொருள்களே ஆயினும், இன்றைய மருத்துவ வழக்கில் அவை வேதிச்சிகிச்சையில் அடங்குவதில்லை.