உள்ளங்கால் வலித்தால் வளைவின் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் ஓர் இளைஞர் வந்தார். ஒயிட்ஃபீல்டில் வேலை, அல்சூரில் வீடு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாற்காலியில் உட்காரும் முன்பே தோளில் இருந்த பெரிய ஜிம் பையை மேசையில் கவிழ்த்தார். மூன்று ஜோடி ஷூ, இரண்டு ஜோடி இன்சோல், நீல ஜெல் வைத்த ஒரு குதிகால் மெத்தை, அப்புறம் ஷூ கடையில் எடுத்த பாத ஸ்கேன் காகிதம். "மேடம், எனக்கு ஃப்ளாட் ஃபுட். அதான் ஓடினா உள்ளங்கால் வலிக்குது. இதுல எந்த ஷூ போடணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் நடக்கும் 10கே (பத்து கிலோமீட்டர்) ஓட்டம் வரைக்கும் பெங்களூரில் எந்த பிசியோதெரபிஸ்டைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். காரணத்தைக் கடையில் கண்டுபிடித்துவிட்டு, ஒப்புதல் வாங்கத்தான் எங்களிடம் வருகிறார்கள். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அவரை வெறுங்காலில் நிற்கச் சொன்னேன். பார்வைக்குத் தட்டைதான். நுனிக்காலில் எழும்பச் சொன்னதும் இரண்டு பாதத்திலும் உள்பக்க வளைவு நன்றாகவே எழும்பி வந்தது. "எப்போதிலிருந்து தட்டைப் பாதம்?" என்று கேட்டேன். "பொறந்ததிலிருந்தே." "வலி எப்போதிலிருந்து?" "மார்ச் மாசத்திலிருந்து."

இந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் தட்டையாக இருந்து, பள்ளியில் ஓடி, கிரிக்கெட் ஆடி, ஒரு தொந்தரவும் தராத பாதம் மார்ச்சில் மட்டும் ஏன் வலிக்க வேண்டும்? பாதத்தின் அமைப்பு மார்ச்சில் மாறவில்லையே.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். வளைவு சிறுவயதில் மெல்ல உருவாகும். சிலருக்கு அது தாழ்வாகவே நின்றுவிடும், அவ்வளவுதான். தாழ்ந்த வளைவோடு வலியே இல்லாமல் ஓடுபவர்கள் ஏராளம். உயர்ந்த வளைவு உள்ளவர்களும் இதே வலியோடு வருகிறார்கள். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்களிடம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ, இன்னொரு பிரிவுக்கு வடிவத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2009, 2010-இலேயே வெளிவந்த முடிவு இது. கடைகள் இன்னும் ஸ்கேன் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அல்சூர், மர்பி டவுன் பக்கம் இந்தப் பயம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் முகாம் பக்கத்திலேயே இருப்பதால், "எங்க சித்தப்பாவை ஃப்ளாட் ஃபுட்னு ஆர்மியில எடுக்கல" என்று பல வீடுகளில் ஒரு கதை உண்டு. ஆனால் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வின் மருத்துவ விதியே என்ன சொல்கிறது தெரியுமா? நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பி வந்து, நுனிக்காலில் நன்றாகக் குதித்து ஓட முடிந்து, பாதம் இளக்கமாக வலியின்றி இருந்தால் ஏற்கலாம் என்கிறது. ராணுவமே ஏற்கும் பாதத்தைக் கடைக்காரர் நிராகரிக்கிறார்!

எழும்பினாலும் வளைவு வராத விறைத்த பாதம் வேறு விஷயம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகிக்கொண்டே வந்து, கணுக்காலின் உள்பக்கம் வீங்கி, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் அதுவும் வேறு விஷயம். அங்கே தசைநாண் பழுதாகியிருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள், ஷூ கடைக்கு அல்ல.

சரி, அந்த இளைஞருக்கு என்னதான் ஆயிற்று? மொபைலைக் கேட்டு வாங்கி ஓட்டப் பதிவைத் திறந்தேன். ஜனவரியில் வாரம் எட்டு கிலோமீட்டர். பிப்ரவரி கடைசியில் பதினான்கு. மார்ச் முதல் வாரம் முப்பது, அதில் ஒரு நாள் மேம்பால ஏற்றத்தில் வேகப் பயிற்சி வேறு. யாரோ நண்பர் சொன்னாராம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை போகும் நார்ப்பட்டை ஒரே வாரத்தில் இரட்டிப்புச் சுமையை எப்படித் தாங்கும்? ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். வலிக்காத காலிலேயே ஒன்பதுக்கு மேல் வரவில்லை. ஓடுகிறவருக்கு இருபதாவது வர வேண்டும். வாரம் முப்பது கிலோமீட்டர் ஓட ஆசை, கெண்டைக்காலில் அதற்கான பலம் இல்லை. ஷூ பாவம், என்ன செய்யும்?

இனி செய்ய வேண்டியது. ஓட்டத்தை அடியோடு நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏற்றம் வேண்டாம், வேகம் வேண்டாம். கப்பன் பூங்காவில் மண் பாதையில் ஓடுங்கள், நடந்து ஓடி, நடந்து ஓடி. பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிதான் உங்கள் மதிப்பெண் அட்டை. அது முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் நேற்று அதிகம் ஓடிவிட்டீர்கள் என்று பொருள்.

இறங்கும் முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலைப் பார்க்கப் பின்னால் இழுங்கள். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை.

முக்கியமான பயிற்சி குதிகால் தூக்குவது. துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன் மேல் மடங்கி ஏறும்படி நில்லுங்கள். மூன்று எண்ணி ஏறி, இரண்டு எண்ணும் வரை நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பன்னிரண்டு தடவையாக மூன்று சுற்று. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்குங்கள். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கி மாட்டிக்கொள்ளுங்கள். 2014-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தப் பயிற்சியை வெறும் நீட்டல் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் இதுதான் முந்தியது, ஒரு வருடத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. "ஒரு வாரம் செஞ்சேன் மேடம், சரியாகல" என்று தயவுசெய்து வராதீர்கள். இது மாதக் கணக்கு வேலை.

இன்சோல் சுகமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்ய வேண்டியதில்லை. 2006-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் கடையில் கிடைக்கும் இன்சோலும் அளவெடுத்துச் செய்ததும் ஒரு வருட முடிவில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. வீட்டுக் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதைச் சில மாதம் நிறுத்துங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா கேட்பார். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் மாதிரி எலும்பு தெரிகிறது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை கிழியவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு "ஒரே ஒரு ஊசி" கேட்பவர்களை எனக்குக் கண்டாலே கோபம் வருகிறது.

சூடாக்கிய செங்கல் மேல் எருக்கிலை வைத்து மிதிக்கும் பாட்டி வைத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். ஒத்தடம் இதமாக இருக்கும், சரி. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் செய்யவே கூடாது. கால் மரத்திருந்தால் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன், அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் தாங்கவில்லையா? அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உணவைக் குறைத்து ஓடும் பெண்கள், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அதுவும் எலும்போடு சம்பந்தப்பட்டதுதான். எரிச்சல், மதமதப்பு இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள்.

ஏப்ரல் ஓட்டத்துக்குப் பணம் கட்டியாயிற்றே என்பவர்களுக்கு: ஒற்றைக் காலில் வலியில்லாமல் பத்து முறை குதிக்க முடிந்தால் நடந்தும் ஓடியும் முடித்துவிட்டு வாருங்கள், நேரத்தைப் பார்க்காதீர்கள். முடியாவிட்டால் அந்தக் கட்டணம் போனது போனதுதான்.